தோள்பைச் சௌகரியக் குழு

மலைச்சரிவு மக்கள் நல வாரியத்துக்கு ஊட்டியில் இரண்டு மாடிக் கட்டடம் இருக்கிறது. அதில் பதினோரு அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். நடப்பதற்கென்று நாற்பத்திரண்டு நலப்பணியாளர்களை வாரியம் மலை முழுக்க விட்டுவைத்திருக்கிறது. உட்காருகிறவர்களுக்கு உத்தியோகம் நிரந்தரம். நடக்கிறவர்களுக்கு வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். எது கஷ்டமான வேலை என்று நன்றாக யோசித்துத்தான் வாரியம் இந்த ஏற்பாட்டைச் செய்திருக்க வேண்டும்.

சுகுணா நடக்கிறவர்களில் ஒருத்தி. பந்தலூருக்கு மேலே மூன்று தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீடுகள் அவள் பொறுப்பு. காலையில் கிளம்பினால் பிரஷர் பார்க்கிற மெஷின், சுகர் மெஷின், மாத்திரைகள், இரண்டு நோட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் கூடவே வரும். இவற்றை வைத்துக்கொள்ள வாரியம் ஒரு பெட்டி கொடுத்திருந்தது. சாம்பல் நிறப் பிளாஸ்டிக், மேலே ஒரு கைப்பிடி, பக்கத்தில் வாரியத்தின் முத்திரை. மேசைமேல் வைத்தால் சாயாமல் நிற்கும் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தார்களாம். சுகுணா போகிற வழியில் மேசை கிடையாது.

ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பெட்டி. சரிவில் இறங்கும்போது தேயிலைச் செடியைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை வேண்டும். அதை வாரியம் கொடுக்கவில்லை. மார்ச் மாதம் ஒரு கோடை மழையில் சுகுணா வழுக்கி விழுந்தாள். பெட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவள் மணிக்கட்டுதான் வீங்கிப் போனது. பிரஷர் பார்க்கப் போனவளை உட்கார வைத்து லைன் பெண்கள் ஒத்தடம் கொடுத்து அனுப்பினார்கள்.

இது மார்ச். ஜூனில் பந்தலூரில் பெய்வது மழை அல்ல, வேறு ஏதோ. அதற்குள் இரண்டு கையும் காலியாக வேண்டும் என்று சுகுணா முடிவு செய்தாள். ஏப்ரல் மாதக் கூட்டத்துக்கு ஊட்டி போனவள், கூட்டம் முடிந்ததும் மார்க்கெட்டில் ராஜசேகரின் பைக்கடைக்குள் நுழைந்தாள்.

"காலேஜ் புள்ளைக்குங்களா?" என்றார் ராஜசேகர்.

"எனக்குத்தாங்க. குறுக்கால மாட்டற மாதிரி வேணும்."

அவர் எடுத்துப் போட்ட முதல் பையில் தன் பெட்டியிலிருந்த சாமான்களையெல்லாம் மாற்றி மாட்டிப் பார்த்தாள். வார் மெல்லிசாக இருந்தது, கழுத்தை அறுத்தது. இரண்டாவதில் சாமான் வைக்கும் முன்னாலேயே கனம். பக்கிள் மட்டும் ஒன்பது இருந்தன. மூன்றாவது முழங்கால் வரை தொங்கி, நடக்க நடக்கத் தொடையில் அடித்தது. நான்காவதை மாட்டிக்கொண்டு மார்க்கெட் படிக்கட்டில் ஏறினாள், இறங்கினாள், குந்தி உட்கார்ந்து எழுந்தாள், கண்ணை மூடிக்கொண்டு ஒரே கையால் ஜிப்பைத் திறந்து மூடினாள். வார் அகலம், தோளில் படுகிற இடத்தில் மெத்தென்று பஞ்சு. பை இடுப்புக்குச் சற்று மேலே உடம்போடு ஒட்டி நின்றது. மழைக்கு மேலே ஒரு மூடி.

"ஏனுங்க, பை வாங்கறீங்களா மாடு வாங்கறீங்களா?" என்றார் ராஜசேகர்.

"இதுகூடத்தாங்க நான் நாள் பூரா நடக்கணும்."

இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. இந்த இருபது நிமிடத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; வாரியம் இதே வேலைக்கு எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்று பின்னால் தெரியும்.

மே மாதக் கூட்டத்துக்கு அந்தப் பையோடு போனாள். துணை இயக்குநர் தினகரன் கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தவர், பாதிப் பேச்சில் நிறுத்தினார்.

"அது என்னங்கம்மா?"

"பைங்க சார்."

"பைன்னு தெரியுதுங்க. யாரு கொடுத்தது?"

"நானா வாங்குனதுங்க. தோளுக்குச் சௌகரியமா இருக்கு. ரெண்டு கையும் சும்மா இருக்குது."

வாரியத்தின் பணியாளர் ஒருத்தி ஒரு மாத காலமாகச் சௌகரியமாக இருந்திருக்கிறாள், வாரியத்துக்குத் தகவலே இல்லை.

"சௌகரியமா இருக்குன்னு சான்று கொடுத்தது யாருங்க?"

"என் தோளுங்க சார்."

தினகரன் கெட்ட மனிதர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு மெமோவோடு விஷயம் முடிந்திருக்கும். நல்லவராக இருந்ததால் குழு போட்டார்.

"நீங்க ஒருத்தர் மட்டும் சௌகரியமா இருந்தா மத்த நாப்பத்தோரு பேருக்கு அது அநியாயமுங்க" என்றார். "எல்லாருக்கும் ஒரே சௌகரியம் வேணும். அதை முறைப்படி தேர்ந்தெடுக்கணும். உங்க பைய மேசை மேல வைங்க."

சுகுணா வைத்தாள். அலுவலக உதவியாளர் பாலு ஒரு அட்டைச் சீட்டில் 'மாதிரி எண் 1' என்று எழுதி வாரில் கட்டினார். முப்பது வருடமாக அந்தக் கட்டடத்தில் கோப்பு சுமந்தவர் அவர். சீட்டைக் கட்டும்போது அந்தப் பஞ்சு வைத்த இடத்தை ஒரு தரம் அமுக்கிப் பார்த்துக்கொண்டார். பிறகு பையை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"அதுவரைக்கும் நான் எதுலங்க சார் கொண்டுபோறது?"

"பெட்டி இருக்குதுல்லீங்க."

"பெட்டியாலதாங்க விழுந்தேன்."

"அதைத்தானுங்கம்மா குழு ஆராயப் போவுது. ஒண்ணு மட்டும் மனசுல வைங்க, மறுபடி சொந்தப் பையோட வந்தா அடுத்த வருஷம் ஒப்பந்தத்துல கையெழுத்து ஆகாதுங்க."

சுகுணாவின் வீட்டில் நிரந்தரமாக வருகிற வருமானம் என்று இருந்தது அந்த ஒப்பந்தம் ஒன்றுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

தோள்பைச் சௌகரியத் தேர்வுக் குழுவின் முதல் கூட்டம் சௌகரியம் என்றால் என்ன என்று விவாதித்தது. மதிய உணவுக்குப் பிறகு, 'புகார் வராத நிலையே சௌகரியம்' என்று ஒருமனதாக முடிவானது. இரண்டாவது கூட்டம், குழுவுக்கு யார் தலைவராக இருப்பது என்பது. தினகரன் எழுந்து தன் தகுதியைச் சொன்னார்.

"இருபத்தாறு வருஷ சர்வீஸுங்க. இத்தனை வருஷத்துல நான் ஒரு பைகூடத் தூக்கினதில்லை. காலையில டிரைவர் எடுத்துட்டு வருவாரு, சாயங்காலம் பாலு எடுத்துட்டுப் போவாரு. அதனால எந்தப் பை மேலயும் எனக்கு விருப்பு வெறுப்பு கிடையாதுங்க."

இந்த நடுநிலையை மெச்சி எல்லோரும் கை தட்டினார்கள். அவரே தலைவர்.

மூன்றாவது கூட்டத்தில் சோதனை. ஆறு கம்பெனிகளின் பைகள் வந்திருந்தன. மருந்தை அங்கீகாரம் இல்லாத பையில் வைக்கக் கூடாது என்பதால் உள்ளே பழைய கோப்புகளை வைத்தார்கள். கோப்பு வைத்த பை கனமாக இருந்ததால் பாலு சுமந்தார். ஒவ்வொரு பையாக மாட்டிக்கொண்டு அவர் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வர, உறுப்பினர்கள் நாற்காலியில் இருந்தபடியே அது சௌகரியமா என்று ஒருவரையொருவர் கேட்டுத் தாளில் குறித்துக்கொண்டார்கள். பாலு குழுவில் உறுப்பினர் இல்லை, ஆகவே அவரிடம் கேட்க விதியில் இடமில்லை. ஆறு பையும் சௌகரியம் என்று தேறியது. ஆறில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாமல் போகவே, களத்துக்கே போய்ப் பார்ப்பது என்று தீர்மானம் போட்டார்கள்.

இதற்குள் ஜூன் வந்துவிட்டது. பந்தலூரில் மழை பிடித்துக்கொண்டது. சுகுணா முதல் வாரத்தில் இரண்டு தடவை விழுந்தாள். காலில் ஏறுகிற அட்டையைப் பிடுங்கிப் போடக்கூடக் கை ஒழியவில்லை. லைனுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பாவாடை ஓரத்து ரத்தத்தைப் பார்ப்பாள். கொழுந்து எடுக்கிற ராக்கம்மா இதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் தன் பழைய கூடையைக் கொண்டுவந்து கொடுத்தாள். ராக்கம்மா இலங்கைத் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே தாய் தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமந்ததைப் பார்த்து அதே மாதிரி இங்கேயும் சுமந்தவள்.

"பொட்டிய இதுக்குள்ள போடு புள்ள. கயித்தத் தலையில மாட்டிக்க. பொறவு ரெண்டு கையும் ஒனக்குத்தானே."

"கழுத்து வலிக்காதாக்கா?"

"வலிக்கும். கொழுந்து எடுக்கறவளுக்குக் கழுத்து வலிக்கும்னு எவனும் குழு போட்டானா? நீ விழாம வா, அது போதும்."

சொந்தப் பை கூடாது என்றுதான் உத்தரவு. கூடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுகுணா மாட்டிக்கொண்டாள். கை இரண்டும் கிடைத்தது, கழுத்து போனது. ஆகஸ்டில் இடது பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்ப வேண்டியிருந்தது. பிரஷர் மாத்திரை கொடுக்கப் போகிற வீட்டில் தைலம் வாங்கித் தடவிக்கொண்டு வந்தாள்.

அந்த ஆகஸ்டில்தான் குழு வந்தது. ஒரு ஜீப்பில் ஐந்து பேர், அவர்களோடு கோயமுத்தூரிலிருந்து வந்த ஆராய்ச்சி ஆலோசகர் ராஜப்ரியா. மழை கொட்டிக்கொண்டிருந்ததால் களத்தை ஜீப்புக்குள் இருந்தே பார்வையிட்டார்கள். கண்ணாடியில் படிந்த ஆவியை ராஜப்ரியா கைக்குட்டையால் துடைத்தபோது, சரிவில் சுகுணா இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"சார், சுமை எங்க இருக்குன்னு பாருங்க" என்றார் ராஜப்ரியா.

"தலையிலங்க."

"நாம மூணு மாசமா தோளைப் பத்தியே பேசிட்டிருக்கோம். இவங்க உடம்பு காலங்காலமா வேற ஒண்ணு சொல்லிட்டிருக்கு."

ஜீப்புக்குள் ஒரு பெரிய உண்மை வெளிப்பட்டுவிட்டது. சுகுணா அடையாளம் தெரிந்து ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாள். அது நான்கு விரல் அளவு இறங்கியது.

"மேடம், எங்கிட்ட பை இல்லாததாலதாங்க இப்படி. என் பையக் குடுத்துட்டீங்கன்னா..."

"பயப்படாதீங்க" என்றார் ராஜப்ரியா கனிவாக. "உங்க பாரம்பரியத்தை நாங்க மாத்தவே மாட்டோம்."

கண்ணாடி ஏறியது. ஜீப் கிளம்பியபோது தெறித்த சேறு சுகுணாவின் முகத்தில் பட்டது. நல்லவேளையாகத் துடைத்துக்கொள்ள இரண்டு கையும் காலியாக இருந்தன.

டிசம்பரில் வெளியீட்டு விழா. ஊட்டியில் மண்டபம் பிடித்து, மேடையில் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். துணியை விலக்கினால் உள்ளே வாரியத்தின் புதிய தோள்பை. அரக்கு நிற ரெக்சின், இரண்டு முத்திரை, தலையில் மாட்ட வெல்வெட் பட்டை. ஜிப் முதுகுப் பக்கம் இருந்தது. மாட்டியிருப்பவர் அதைத் திறக்க முடியாது. பின்னால் இன்னொருவர் நின்று திறக்க வேண்டும். அந்த இன்னொருவருக்கான பணியிடம் அரசின் பரிசீலனையில் இருப்பதாக அழைப்பிதழிலேயே போட்டிருந்தார்கள்.

பயனாளி என்ற முறையில் சுகுணாவை மேடையேற்றி, தலையில் மாட்டிவிட்டு, சிரிக்கச் சொன்னார்கள். கழுத்து வலியில் அவள் முகம் போன போக்கைப் புகைப்படக்காரர் சிரிப்பென்று எடுத்துக்கொண்டார். தினகரன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"தோளுக்குச் சௌகரியமான பை வேணும்னு கேட்டாங்க. நாங்க என்ன செஞ்சோம்? தோள்ல படவே படாத பையைக் கொடுத்திருக்கோம். தோளுக்கு இதைவிடப் பெரிய ஓய்வு உலகத்துல எவனும் கொடுத்ததில்லீங்க. எட்டு மாசம் உழைச்சிருக்கோம். இன்னிக்கு வரைக்கும் இந்தப் பையைப் பத்தி ஒரு புகார்கூட வரலைங்க."

வராதது வாஸ்தவம். பையை அன்றைக்குத்தான் கொடுத்தார்கள்.

விழா முடிந்து எல்லோரும் போண்டா சாப்பிடுகிற இடத்தில் சுகுணா அவரைப் பிடித்தாள். "சார், குழு வேலைதான் முடிஞ்சிருச்சே. என் பையத் திருப்பிக் குடுத்துருங்க. வெளியில மாட்ட மாட்டேன், ஊட்டுல வெச்சுக்கறேன்."

"அது இப்ப உங்க பை இல்லீங்கம்மா. மாதிரி. சௌகரியம்னா என்னன்னு அளக்கறதுக்கு வாரியத்துக்கிட்ட இருக்கற ஒரே அளவுகோலு. அதை எப்படிங்க தர்றது?"

அளவுகோல் கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் ராஜப்ரியா ஒரு விதி எழுதியிருந்தார். மாதிரியாகப் பதிவாகிற எந்தப் பையையும் அதைக் கொண்டுவந்த பணியாளர் பதிவு நாளிலும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் மாட்டி நடந்து, இன்னும் சௌகரியமாக இருக்கிறதென்று கையெழுத்துப் போட வேண்டும். விதி பிறந்ததே டிசம்பரில் என்பதால் சுகுணாவுக்கு முதல் சோதனை அன்றைக்கே வந்தது.

பாலு அலமாரியைத் திறந்து பையைக் கொடுத்தார். அவள் மாட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் ஐந்து நிமிடம் நடந்தாள். அகலமான வார் தோளில் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. தன் பையைத் தானே கடன் வாங்கி மாட்டிக்கொள்கிற நிலைமையை நினைத்து அவமானமாக இருந்தது. சௌகரியம் என்று கையெழுத்துப் போட்டாள். பாலு பையை வாங்கிப் பூட்டினார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மார்ச்சிலும் இதேதான். ஐந்து நிமிடம் நடை, ஒரு கையெழுத்து, பூட்டு. பிறகு வெல்வெட் பட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேர பஸ்.

ஜூனில் மறுபடி போனாள். பந்தலூரில் மழை தொடங்கிவிட்டது. இந்த மழையையும் கழுத்தில் சுமந்தால் தன்னால் இனி நடக்க முடியாது, நடக்க முடியாதவளை வாரியம் வைத்துக்கொள்ளாது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பஸ்ஸில் வேறு வேலை இல்லாததால், கையில் இருந்த சோதனைப் படிவத்தை முதல் தடவையாக முழுக்கப் படித்தாள். ஊட்டியில் இறங்கியதும் பாலுவிடம் நீட்டினாள்.

"அண்ணே, நாலாவது கட்டத்தைப் படிங்க."

பாலு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "பணியாளரின் வழக்கமான பணிப்பாதையில் நடந்து சோதித்தல் வேண்டும்."

"இந்தத் தாழ்வாரம் என் பணிப்பாதைங்களா?"

பாலு தாழ்வாரத்தைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், பிறகு படிவத்தோடு தினகரனின் அறைக்குள் போனார். சுகுணா வாசலில் நின்றாள். தினகரனின் குரல் வெளியே கேட்டது.

"விதியில அப்படியா இருக்குது? ராஜப்ரியா எழுதுனதுங்களா? அப்ப அப்படித்தான் செய்யணும். ரெண்டு தடவை தப்பா செஞ்சுருக்கீங்க பாலு, ஆடிட்ல கேட்டா யாரு பதில் சொல்றது?"

"எவ்வளவு நேரமுங்க சார் நடக்கணும்?"

"பாதை முடியற வரைக்கும் நடக்கட்டும். முடிஞ்சதும் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கங்க. ஒரு பணியாளர் விதியைப் படிச்சிருக்காங்க, எவ்வளவு சந்தோஷம்."

பாலு திரும்பி வந்து அலமாரியைத் திறந்தார். சுகுணா தன் சாமான்களை வாரியம் கொடுத்த தலைப்பையிலிருந்து எடுத்துத் தன் பையில் அடுக்கினாள். அலமாரி காலியாக இருந்தால் கேள்வி வரும் என்று பாலு தலைப்பையை உள்ளே வைத்துப் பூட்டினார்.

"உங்க பாதை எப்பம்மா முடியும்?"

"அது தினமும் போற வழிங்கண்ணே. இன்னிக்கு முடிஞ்சா நாளைக்குக் காலையில மறுபடி."

பாலு 'முடிந்த தேதி' என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, படிவத்தை நடப்புக் கோப்பில் சேர்த்தார். அந்த வாரியத்தில் முடிந்த கோப்பைத்தான் எடுத்துக் கேள்வி கேட்பார்கள். நடப்புக் கோப்பை யாரும் தொட்டதாக முப்பது வருடத்தில் அவருக்கு ஞாபகம் இல்லை.

சுகுணா பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

இந்தச் செய்தி பிக்கட்டி வரை போக நான்கு நாள் ஆனது. அங்கே நலப்பணியாளராக இருக்கிற சசிரேகா, வெல்வெட் பட்டையால் நெற்றியில் தழும்பே விழுந்தவள், போன் செய்தாள்.

"அக்கா, உங்களுக்கு மட்டும் சொந்தப் பை மாட்ட உத்தரவு கொடுத்திருக்காங்களாமே. நானும் மனு எழுதிப் போடட்டுங்களா?"

"மனு போட்டா குழு போடுவாங்க. அதெல்லாம் வேண்டாம். மார்க்கெட்டுல ராஜசேகர் கடைக்குப் போயி உன் தோளுக்கு எது ஒத்துவருதோ அதை வாங்கு. மாட்டிக்கிட்டு நேரா கூட்டத்துக்கு வந்து தினகரன் சார் கண்ணுல படற மாதிரி உக்காரு."

"பறிச்சுக்குவாரே அக்கா."

"பறிக்கணும். பறிச்சாத்தான் மாதிரி ஆகும், மாதிரி ஆனாத்தான் சோதனை வரும். பதிவு நாளுலயே வரும். படிவத்துல நாலாவது கட்டத்தைக் காட்டு."

ஜூலை மாதக் கூட்டத்துக்கு மற்ற நாற்பத்தோரு பேரும் புதுப் பையோடு வந்து முன்வரிசையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். தினகரனுக்கு முகம் சிவந்தது. பேச்சை நிறுத்திவிட்டு, அத்தனை பையையும் அப்போதே பறிமுதல் செய்து மாதிரியாகப் பதியச் சொன்னார். ஒருத்தியும் மறுபேச்சுப் பேசவில்லை. பறிகொடுப்பதற்கு இவ்வளவு ஒழுங்காக வரிசையில் நின்ற பணியாளர்களை அவர் தன் இருபத்தேழு வருட சர்வீஸில் பார்த்ததில்லை. உத்தரவு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பாலு இரண்டிலிருந்து நாற்பத்திரண்டு வரை சீட்டு எழுதி ஒவ்வொரு வாரிலும் கட்டினார். எழுதி முடித்ததும் சோதனைப் படிவக் கட்டை எடுத்து, முதலில் நின்ற சசிரேகாவிடம் அவள் பையையும் பேனாவையும் கொடுத்தார்.